கார்லோஸ் சாம்ப்ரானோவை இனியும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

ரிக்லிவாசி
13 ஆகஸ்ட் 2011

நேற்றிரவு அட்லாண்டாவில் நம் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) கார்லோஸ் சாம்ப்ரானோ நான்கு இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் வீசி, ஐந்து ஹோம் ரன்களையும் (வேலியைத் தாண்டும் அடிகள்) எட்டு ரன்களையும் கொடுத்தார். பிறகு எதிரணியின் சிப்பர் ஜோன்ஸின் உடம்பை ஒட்டி இரண்டு பந்துகளை எறிந்து ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அட்லாண்டா பிரேவ்ஸ் அணி தன் முன்னாள் மேலாளர் பாபி காக்ஸின் 6ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்துக் கௌரவித்த இரவு அது. நாம் 10-4 என்று தோற்று ஆட்டம் முடிவதற்குள் நம்மவர் தன் அலமாரியைக் காலி செய்துவிட்டு, ஓய்வு பெறப்போவதாக ஊழியர்களிடம் சொல்லிவிட்டு, அரங்கத்தை விட்டே போய்விட்டார். இன்று கப்ஸ் நிர்வாகம் அவரைத் தகுதிநீக்கப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதாவது, 30 நாள்களுக்குச் சம்பளமும் கிடையாது, அணியோடு சேரவும் முடியாது.

ஐந்து ஹோம் ரன்களுக்காக எனக்குக் கோபம் இல்லை. எந்த பிட்சருக்கும் அப்படி ஓர் இரவு வரும். அவர் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், அவர் பாதியில் விட்டுப்போன இன்னிங்ஸைப் புல்பென்னிலிருந்து வந்த மாற்று பிட்சர்கள் வீசிக்கொண்டிருந்தார்கள். என்னால் விழுங்க முடியாதது அதுதான்.

இது இன்று நேற்று தொடங்கியதல்ல. 2007 ஜூன் 1, அவருடைய 26ஆவது பிறந்தநாள். நம் மைதானமான ரிக்லி ஃபீல்டில் இதே பிரேவ்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் நம் கேட்சர் (பந்தைப் பிடிப்பவர்) மைக்கேல் பாரெட் ஒரு பந்தைக் கோட்டைவிட்டு, அதை எடுத்து எறிந்ததிலும் பிழை செய்ய, ஒரு ரன் போனது. வீரர்கள் அமரும் டக்அவுட்டுக்குத் திரும்பியதும் சாம்ப்ரானோ தன் தலையைச் சுட்டிக்காட்டிக் கத்தியதையும், இருவரும் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளியதையும் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். சண்டை உடைமாற்றும் அறையிலும் தொடர்ந்து, பாரெட் உதட்டில் தையல் போட்டுக்கொள்ள மருத்துவமனைக்குப் போனார். மூன்று வாரத்துக்குள் சான் டியேகோ அணிக்கு அனுப்பப்பட்டவர் அடிவாங்கிய பாரெட்தான். சாம்ப்ரானோவுக்கோ அதே ஆகஸ்டில் ஐந்தாண்டுக்கு 9.15 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. இதிலிருந்து ஒரு மனிதன் என்ன பாடம் கற்றுக்கொண்டிருப்பான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தண்டனைக் காலம் முடிந்ததும் அவர் மீண்டும் நம் சட்டையை அணிய வேண்டுமா? என் பதில் கூடாது என்பதே. மற்றவர்கள் சொல்லுங்கள்.


சிங்கர்பிரியன்
13 ஆகஸ்ட் 2011

நீங்கள் எழுதியதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கதையைக் குணத்திலிருந்து தொடங்குவதை விட்டுத் தோளிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

2003 முதல் 2007 வரை தொடர்ந்து ஐந்து பருவங்களில், ஒவ்வொன்றிலும் 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர் சாம்ப்ரானோ. 2005இல் அது 223ஐத் தாண்டியது. தொடக்கத்தில் அவருக்கு வயது 22கூட நிறையவில்லை. அதே மேலாளர் டஸ்டி பேக்கரின் கீழ் வீசிய மார்க் பிரையரும் கெர்ரி வுட்டும் ஒருவர்பின் ஒருவராகக் காயப்பட்டுப் படுத்தபோது, விழாமல் நின்றவர் இவர் ஒருவர்தான். அவர்களுடைய சுமையையும் இவரே தூக்கினார். பிறகு 2008இல் 188, 2009இல் 169 என்று இன்னிங்ஸ் இறங்கிக்கொண்டே வந்தது தற்செயல் அல்ல.

அவருடைய பிழைப்பு சிங்கர் பந்தில் இருக்கிறது. வேகமாக வந்து, அடிப்பவர் பக்கத்துத் தட்டின் அருகில் கீழே இறங்கும் அந்தப் பந்தை அடிப்பவர் மட்டையின் அடிப்பகுதியால் தரையில் தட்டுவார், தளத்தில் நிற்பவர்கள் எடுத்து அவுட் ஆக்குவார்கள். வேகம் குறைந்து, இறக்கமும் குறைந்தால், அதே பந்து இடுப்பு உயரத்தில் மிதந்து வரும். நேற்று டர்னர் ஃபீல்டின் வேலிக்கு அப்பால் போனவை அப்படி மிதந்தவைதான். 2004இல் 2.75 என்றிருந்த அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் போகும் ரன்களின் சராசரி) இன்று 4.82இல் நிற்கிறது. முன்பு கோபம் வந்தால் இன்னும் ஓங்கி எறிந்து தப்பிக்க அவரிடம் வேகம் இருந்தது. இப்போது கோபம் மட்டும் மிச்சம் இருக்கிறது. 30 வயதில் தன் கை தன்னைக் கைவிடுவதை 40,000 பேர் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதன் அவர். இதை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, காரணம் இல்லாமல் இது நடக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.


தென்பகுதிக்காரன்
13 ஆகஸ்ட் 2011

சிகாகோவின் மற்ற அணியான வைட் சாக்ஸின் ரசிகன் இங்கே மூக்கை நுழைப்பதற்கு மன்னிக்கவும். சென்ற ஆண்டு ஜூன் 25 அன்று எங்கள் மைதானத்தில் நடந்ததை நேரில் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதல் இன்னிங்ஸிலேயே நான்கு ரன்கள். ஹுவான் பியேர் முதல் தளத்தின் ஓரமாக அடித்த பந்து உங்கள் முதல் தள வீரர் டெரெக் லீயைத் தாண்டிப் போனது, பிறகு கார்லோஸ் க்வென்டின் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். டக்அவுட்டுக்குள் போனதும் சாம்ப்ரானோ லீ இருந்த பக்கம் பார்த்துக் கத்தத் தொடங்கினார். லீ யார்? சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை மூன்று முறை வாங்கியவர், யாரையும் உரத்துப் பேசாத மனிதர். அவரே எழுந்து பதில் கொடுக்கும் நிலைக்கு அன்று போனது. உங்கள் மேலாளர் லூ பினியெல்லா ஒரே இன்னிங்ஸோடு சாம்ப்ரானோவை வீட்டுக்கு அனுப்பினார்.

ஆனால் வீட்டுக்குப் போனாரா? அன்றிரவே எங்கள் மேலாளர் ஓஸி கியேனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இருவரும் வெனிசுவேலாக்காரர்கள், பழைய நண்பர்கள், அதில் குற்றமில்லை. இருந்தாலும் உங்கள் அணி ரசிகர்கள் அந்தச் செய்தியை எப்படிச் சகித்தீர்கள் என்று எனக்கு இன்னும் வியப்பு.


ரிக்லிவாசி
13 ஆகஸ்ட் 2011

சகிக்கவில்லை ஐயா. ஆனால் அதற்குப் பிறகு கோபத்தைக் கட்டுப்படுத்தும் சிகிச்சைக்குப் போய்த் திரும்பிவந்து, ஆகஸ்டில் தொடக்க வரிசையில் மீண்டும் இடம்பெற்றதிலிருந்து பருவம் முடியும்வரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் எட்டு வெற்றிகளைப் பெற்றுக் கொடுத்தார். 11 வெற்றி, 6 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.33 என்று ஆண்டு முடிந்தது. உடனே ரிக்லியில் கைதட்டல், “பிக் இசட் திரும்பிவிட்டார்” என்று பத்திரிகைகளில் தலைப்புகள். இந்த மனிதரிடம் நம்மை அலுக்கவைப்பதே இதுதான். முழுக்க மோசமானவர் என்றால் 2009இலேயே கை கழுவியிருப்போம்.

சிங்கர்பிரியனுக்கு ஒரு வார்த்தை. தோள் தேய்ந்ததை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கும் முன்னால் தோள் தேய்ந்த கெர்ரி வுட், அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு புல்பென்னுக்குப் போய், குறைந்த சம்பளத்துக்கு இந்த ஆண்டு நம்மிடமே திரும்பி வந்து, அமைதியாக எட்டாவது இன்னிங்ஸில் வீசிக்கொண்டிருக்கிறார். தேய்மானம் அலமாரியைக் காலி செய்யச் சொல்வதில்லை.


கணக்கர்
14 ஆகஸ்ட் 2011

உணர்ச்சிகளுக்கு இடையே கொஞ்சம் பணக் கணக்கு. இந்த ஆண்டு அவருடைய சம்பளம் ஏறக்குறைய 1.79 கோடி டாலர். பருவத்தின் நாள்களால் வகுத்தால் 30 நாள் தண்டனையின் மதிப்பு சுமார் 29 லட்சம் டாலர். அடுத்த ஆண்டுக்கு இன்னும் 1.8 கோடி பாக்கி இருக்கிறது. உண்மையிலேயே ஓய்வு பெற்றால் அந்த 1.8 கோடியை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே அவர் ஓய்வு பெறமாட்டார். இதற்கு உளவியல் அறிவு தேவையில்லை, கூட்டல் கழித்தல் போதும். தண்டனையை எதிர்த்து வீரர்கள் சங்கமும் சும்மா இருக்காது.

நிர்வாகம் ஏன் இத்தனை ஆண்டு பொறுத்தது என்று கேட்கிறீர்கள். அவருடைய ஒப்பந்தத்தில், அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்ற முடியாது என்ற விதி இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவர் பொது மேலாளர் ஜிம் ஹென்ட்ரி. அல்போன்சோ சொரியானோவுக்கு எட்டாண்டு, 13.6 கோடி டாலர் கொடுத்தவரும் அவரே, மில்டன் பிராட்லியை அழைத்துவந்து ஒரே பருவத்தில் துரத்த வேண்டி வந்தவரும் அவரே. பிட்சரின் கோபத்தைப் பற்றி நூறு பதிவு எழுதுபவர்கள், கையெழுத்துப் போட்ட கையைப் பற்றி ஒரு பதிவாவது எழுதலாம்.


மேல்தளத்து மங்கை
14 ஆகஸ்ட் 2011

கையெழுத்துப் போட்ட கையைப் பற்றிப் பேசுகிறீர்கள், சரி. கைதட்டிய கைகளைப் பற்றி நான் பேசுகிறேன்.

பாரெட்டோடு சண்டை நடந்தது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை, அதே மைதானத்தில், மூன்றாம் தளத்தில் ஒரு தீர்ப்பை எதிர்த்து மேலாளர் லூ பினியெல்லா அம்பயர் மீது காலால் மண்ணை உதைத்துத் தள்ளினார், தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்து உதைத்தார். மேல்தளத்தில் எங்களைச் சுற்றியிருந்தவர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள், சிலர் மைதானத்துக்குள் கையில் கிடைத்ததை வீசினார்கள். லூவுக்கும் தடை விழுந்தது. ஆனால் அந்த உதையைத்தான் 2007 பருவத்தின் திருப்புமுனை என்று நம் ரசிகர்கள் இன்றுவரை பெருமையாகச் சொல்கிறார்கள். ஒரே வார இறுதியில் இரண்டு கோபங்கள். 63 வயது மேலாளர் செய்தால் அது தலைமைப் பண்பு, 26 வயது வெனிசுவேலாக்காரர் செய்தால் அது “லத்தீன் இரத்தம்”. அப்படி எழுதிய பத்திரிகைகளை நான் மறக்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று, டாட்ஜர்ஸிடம் தோற்றுக்கொண்டிருந்தபோது ரிக்லியில் அவரை நோக்கிக் கூச்சலிட்டோம். ஆட்டம் முடிந்ததும் அவர் ரசிகர்களைக் குறை சொன்னார், மறுநாள் மன்னிப்பும் கேட்டார். கூச்சலிட்ட ரசிகர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. டிக்கெட் வாங்கியவனுக்குக் கூச்சலிட உரிமை உண்டு என்பார்கள். இருக்கட்டும். நமக்கு வேண்டியபோது அவருடைய ஆவேசத்தைச் சட்டையில் அச்சிட்டு விற்றோம், வாங்கினோம், அணிந்துகொண்டோம்.


ரிக்லிவாசி
14 ஆகஸ்ட் 2011

மங்கை அவர்களின் பதிவு இந்த விவாதத்துக்குத் தேவையானது. பத்திரிகைகளைப் பற்றி அவர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் இரண்டு கோபங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

2009 மே 27 நினைவிருக்கிறதா? பிட்ஸ்பர்க் பைரட்ஸுக்கு எதிராக ஒரு பந்து கேட்சரைத் தாண்டிப் போக, நைஜர் மோர்கன் மூன்றாம் தளத்திலிருந்து ஓடிவந்தார். சாம்ப்ரானோ தட்டைக் காக்க விரைந்தார். மோர்கன் தப்பிவிட்டார் என்று அம்பயர் மார்க் கார்ல்சன் தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது ஒரு நாடகம். வெளியேற்றப்பட்டவர், கையை வீசிக்காட்டி அம்பயரையே பதிலுக்கு வெளியேற்றினார், கையிலிருந்த பந்தை இடது மைதானத்துக்குள் எறிந்தார், கையுறையை டக்அவுட் பக்கம் வீசினார், கடைசியில் பானம் வைத்திருந்த இயந்திரத்தை மட்டையால் அடித்து நொறுக்கினார். ஆறு ஆட்டத் தடை, 3,000 டாலர் அபராதம். சொல்லப்போனால் அன்று நான் சிரித்தேன். அந்தக் கோபம் எதிராளியை நோக்கியது. லூவின் உதையும் அப்படித்தான்.

பாரெட், லீ, இந்த ஜூனில் கார்லோஸ் மார்மோல் ஆகிய மூவரும் நம் ஆட்கள். செயின்ட் லூயிஸில் ஜூன் 5 அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் எதிரணியின் ரயன் தெரியோவுக்கு மார்மோல் ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) வீசி, ஆட்டம் சமனாகி, அதன்பின் ஆல்பர்ட் பூஹோல்ஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். உடனே சாம்ப்ரானோ நிருபர்களைக் கூட்டிவைத்து, தெரியோவுக்கு ஸ்லைடர் வீசியிருக்கக் கூடாது என்றும், நாம் இரண்டாம்தர லீக் அணியைப் போல ஆடுகிறோம் என்றும் சொன்னார். மார்மோலும் அதே செய்தித்தாள்களைத்தான் மறுநாள் காலையில் படித்திருப்பார்.

எதிரணியையும் அம்பயரையும் எதிர்த்து அவர் இன்னும் பத்துப் பான இயந்திரங்களை உடைத்தாலும் அவர் பக்கம் நிற்பேன். தன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் எட்டுப் பேரை நம்பாத பிட்சரை என்ன செய்வது?


சிங்கர்பிரியன்
15 ஆகஸ்ட் 2011

மார்மோல் விஷயத்தில் அவர் சொன்னது பந்தாட்டமாகப் பார்த்தால் சரியே. தெரியோ வேகப்பந்துக்குப் பின்தங்குபவர். 2005 முதல் 2010 வரை நம் அணியில் ஆடிய அவரைப் பற்றி நம் பிட்சர்களுக்குத் தெரியாததா? சொன்ன இடம்தான் தவறு. மேலும், அணியைத் திட்டியபோது அவர் தன்னையும் சேர்த்தே திட்டினார். அந்தப் பாதியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

தன் பின்னால் நிற்பவர்களை நம்பவில்லை என்கிறீர்கள். 2008 அக்டோபரில், பருவத்துக்குப் பிந்தைய நாக்அவுட் தொடரில், டாட்ஜர்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். உள்வட்டத்தில் நின்ற நால்வரும், ஆமாம், நால்வரும், ஆளுக்கொரு பிழை செய்தார்கள். அவர் கொடுத்த ஏழு ரன்களில் மூன்றுதான் அவர் கணக்கு. 10-3 என்று தோற்றோம். 97 வெற்றிகள் பெற்ற அணி மூன்றே ஆட்டத்தில் வெளியேறியது. அன்று டக்அவுட்டில் யாருடைய உதடும் கிழியவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு அரிசோனாவில் அதே கட்டத் தொடரின் முதல் ஆட்டம். 1-1 என்ற நிலையில், ஆறு இன்னிங்ஸும் 85 பந்துகளும் மட்டுமே வீசியிருந்த அவரை, நான்காவது ஆட்டத்துக்குத் தேவைப்படுவார் என்று பினியெல்லா வெளியே எடுத்தார். அடுத்து வந்த மார்மோல் ஹோம் ரன் கொடுத்துத் தோற்றோம். நான்காவது ஆட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை, மூன்றிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சாம்ப்ரானோவின் கோபங்களுக்குத் தேதிவாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறோம். அவருக்கு இழைக்கப்பட்டவற்றுக்கும் ஒரு பட்டியல் இருக்கட்டும்.


மில்வாக்கிசாலை
15 ஆகஸ்ட் 2011

பட்டியல் போடுகிறவர்கள் 2008 செப்டம்பர் 14ஐ விட்டுவிட்டீர்கள். ஐக் சூறாவளியால் ஹியூஸ்டனின் ஆட்டங்கள் மில்வாக்கிக்கு மாற்றப்பட்டன. ஆஸ்ட்ரோஸுக்குப் பெயரளவில் சொந்த ஆட்டம். அரங்கத்தில் பார்த்தால், சிகாகோவிலிருந்து நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் காரோட்டி வந்த நம் கூட்டம்தான். தோள் வலியால் ஓய்வெடுத்துத் திரும்பிய முதல் ஆட்டத்தில், 110 பந்துகளில், ஒரு ஹிட்கூட (அடித்துத் தளத்தை எட்டுவது) கொடுக்காமல் முடித்தார். கப்ஸ் பிட்சர் ஒருவர் அதைச் செய்தது 1972இல் மில்ட் பாப்பாஸுக்குப் பிறகு அதுவே முதல் முறை. டேரின் எர்ஸ்டாட் கடைசிப் பந்தில் மட்டையை வீசித் தவறவிட்டபோது அவர் முழங்காலிட்டுக் கையை மேலே உயர்த்தினார்.

நான் அன்று அங்கே இருந்தேன். அதனால்தான் ரிக்லிவாசியின் கேள்விக்கு என்னால் “கூடாது” என்று எளிதில் சொல்ல முடியவில்லை, “வேண்டும்” என்று சொல்லவும் வாய் வரவில்லை. இது பதில் ஆகாது என்று தெரியும்.


கணக்கர்
19 ஆகஸ்ட் 2011

ஹென்ட்ரி நீக்கப்பட்டார். கையெழுத்துப் போட்ட கையைப் பற்றி நான் கேட்ட பதிவை உரிமையாளர் ரிக்கெட்ஸ் குடும்பமே எழுதிவிட்டது. அட்லாண்டாவில் நடந்ததற்காக நீக்கவில்லை, முடிவு ஜூலையிலேயே எடுக்கப்பட்டுவிட்டதாம். ஆக, சாம்ப்ரானோவைத் தகுதிநீக்கம் செய்து அறிவித்தபோது, தன் வேலை போய்விட்டது ஹென்ட்ரிக்கே தெரியும். அந்த அறிவிப்பின் கடுமைக்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. அடுத்து வருகிறவருக்கு இந்த பிட்சரிடம் எந்தப் பழைய கடனும் இருக்காது.


மேல்தளத்து மங்கை
6 ஜனவரி 2012

முடிந்துவிட்டது. நம் அணியின் புதிய நிர்வாகி தியோ எப்ஸ்டீன் சாம்ப்ரானோவை மயாமி மார்லின்ஸுக்குக் கொடுத்து பிட்சர் கிறிஸ் வோல்ஸ்டாடை வாங்கியிருக்கிறார். 1.8 கோடியில் 1.5 கோடிக்கும் மேல் நாமே கட்டுகிறோம். வேறோர் அணிக்கு வீச, நம் பணத்தில். எப்ஸ்டீன் முதலில் அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்ற தொனியில் பேசியவர். அணியின் மற்ற வீரர்களோடு பேசிய பிறகுதான் மனம் மாறினார் என்று தெரிகிறது. இந்த இடத்தில் ரிக்லிவாசியின் வாதத்துக்கு வலு கூடுகிறது என்பதை மறுக்கமாட்டேன். பத்திரிகையும் ரசிகரும் சொல்வது வேறு, உடைமாற்றும் அறையில் பக்கத்து அலமாரிக்காரர் சொல்வது வேறு.


தென்பகுதிக்காரன்
6 ஜனவரி 2012

மயாமியில் மேலாளர் யார் என்று பார்த்தீர்களா? எங்கள் ஓஸி கியேன்தான், செப்டம்பரில் எங்களை விட்டுப் போனவர். அந்த இரவு விருந்து வீண்போகவில்லை. இரண்டு பேருடைய வாயும் ஒரே டக்அவுட்டில் இருக்கப்போகிறது. மயாமி நிருபர்களுக்கு இந்த ஆண்டு வேலைக்குப் பஞ்சம் இருக்காது.


ரிக்லிவாசி
7 ஜனவரி 2012

மகிழ்ச்சியா என்று தனிமடலில் சிலர் கேட்டார்கள். நிம்மதி என்று வேண்டுமானால் சொல்லலாம். நமக்காக 125 வெற்றிகள் பெற்றவர், மட்டையாலும் 23 ஹோம் ரன்கள் அடித்தவர், ஒரு பிட்சருக்கு இது சாதாரண எண்ணிக்கை அல்ல. மயாமி சட்டையில் ரிக்லிக்கு வந்தால் நான் கூச்சலிடமாட்டேன், எழுந்து நின்று கைதட்டவும் மாட்டேன். பணம் போனதைப் பற்றிக் கவலை இல்லை. எப்படியும் அது 2007இலேயே செலவாகிவிட்டது.


சிங்கர்பிரியன்
7 ஜனவரி 2012

வோல்ஸ்டாடைப் பற்றியும் யாராவது பேசுங்கள். 25 வயது, ஆறடி எட்டங்குல உயரம். அவரும் சிங்கர் வீசுபவர், அவருடைய சிங்கரும் சென்ற ஆண்டு மிதந்துதான் வந்தது. ஈ.ஆர்.ஏ. 4.89, சாம்ப்ரானோவுடையது 4.82. சாதுவானவர் என்று சொல்லி ஆறுதல் அடைகிறவர்கள் 2010 செப்டம்பரைத் தேடிப் பாருங்கள். ஒருவரைப் பந்தால் அடித்து, அடுத்த முறை முதுகுக்குப் பின்னால் எறிந்து, அவர் ஓடிவந்து பிட்சர் நிற்கும் மேட்டிலேயே கைகலந்து, இரண்டு அணியும் மைதானத்தில் குவிந்தன. ஓடிவந்தவர் யார் தெரியுமா? நைஜர் மோர்கன். இப்போது அவர் மில்வாக்கி ப்ரூவர்ஸில், அதாவது நம் பிரிவிலேயே இருக்கிறார். பான இயந்திரத்துக்கு ஒரு கூண்டு செய்து வைக்கச் சொல்லுங்கள்.